புகையறையில் தொங்கிய இரண்டு பெல்ட்டுகள்

2017.09.14 — மோட்டார் சைக்கிள் — ரூ. 685,000
2017.09.20 — மூடுதுணி — ரூ. 4,500
2019.02.11 — பின் டயர் — ரூ. 31,000
2021.07.05 — மெழுகு, துடைக்கும் துணி — ரூ. 3,850
2022.08.06 — இத்தாலி பெல்ட் இரண்டு — ரூ. 51,100
2025.04.23 — பெல்ட் மாற்றிய கூலி — ரூ. 9,000
2025.04.27 — லொறி வாடகை — ரூ. 12,000
2025.05.06 — பதிவுத் தபால் — ரூ. 3,940

யட்டவத்தையில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் ஸக்கரியா முதலாளியின் கணக்குகளை, தோட்டத்து ஒபிஸிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் நான் எழுதி வருகிறேன். மேலே உள்ளவை கடைக் கணக்கில் சேராதவை. "இத வேற பக்கத்தில போடுங்க கிளாக்கரய்யா, இது வியாபாரமில்ல" என்று அவரே சொன்னார். ஐம்பத்தெட்டு வயதுக்குள் அவர் லாபம் பார்க்காமல் வாங்கிய பொருள் அந்தச் சிவப்பு நிற இத்தாலி மோட்டார் சைக்கிள் ஒன்றுதான்.

ரப்பரில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது ஊரறிந்தது. யார் ஷீட் கொண்டுவந்தாலும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குமிழ் இருக்கிறதா என்று பார்ப்பார். கட்டைவிரல் நகத்தால் அழுத்துவார். மோந்து பார்ப்பார். பிறகு தரத்தைச் சொல்வார். அதை மறுத்துப் பேசியவர் எவருமில்லை. இந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. மகள் றிப்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் முன்பு முதலாளி, அவர் வாசலில் கழற்றி வைத்த செருப்பின் அடியை அழுத்திப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்து ஸலாம் சொன்னார். அந்தக் குடும்பம் நன்றாகத்தான் வாழ்கிறது. அதனால் அவருடைய நம்பிக்கை இன்னும் கூடியது.

அந்த மோட்டார் சைக்கிளில் ஒரு வித்தியாசம் உண்டு. எஞ்சினுக்குள் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடும் வேலையை, நம் ஊரில் ஓடும் மற்ற பைக்குகளில் ஒரு சங்கிலி செய்கிறது. இதிலோ அதைச் செய்வது பல் வைத்த இரண்டு ரப்பர் பெல்ட்டுகள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். அத்தோடு எஞ்சின் முடிந்தது. மாத்தளை டவுனில் கராஜ் வைத்திருக்கும் தயாபரன் இதை முதல் வருடமே சொல்லிவிட்டார்.

"ரெண்டு வருஷம், இல்லாட்டி இருபதாயிரம் கிலோமீட்டர். எது முன்ன வருதோ அப்ப மாத்திரணுங்க முதலாளி."

"நான் வருஷத்துக்கு ஐந்நூறுதான் ஓடுற. அப்ப நாப்பது வருஷம் போகும்."

"எது முன்ன வருதோன்னு சொன்னேனுங்க."

"ரெண்டு வருஷத்தில ரப்பர் பழசாகுமெண்டு எனக்கிட்டயே சொல்லுறியா தம்பி?"

தயாபரன் மூடியைக் கழற்றிக் காட்டினார். முதலாளி டார்ச் அடித்துப் பார்த்தார், நகத்தால் அழுத்தினார், குனிந்து மோந்தார். "முதலாந் தரம்" என்றார். தயாபரன் மூடியைத் திரும்பவும் பூட்டினார்.

ஆனாலும் மனதில் ஒரு முள் இருந்திருக்க வேண்டும். அதன் பிறகு பெல்ட்டைக் காப்பாற்றுவதற்காக அவர் பைக்கை ஓட்டுவதையே குறைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் வருவார். மற்ற நாட்களில் அது வீட்டு முன் ஹோலில் நிற்கும். வருகிறவர்கள் அதன் கைப்பிடியில் இடித்துக்கொள்ளாமல் கதிரையில் உட்காரப் பழகிக்கொண்டார்கள்.

2022இல், தங்கையின் மகன் இன்ஷாப் இத்தாலியில் இருந்து லீவில் வந்தபோது புதிய பெல்ட் இரண்டு கொண்டுவந்தான். நாட்டில் பெற்றோல் இல்லாத காலம் அது. பைக் ஓடவே வழியில்லாதபோது பெல்ட் மாற்றுவானேன் என்று முதலாளி அதை எடுத்து வைத்தார். எங்கே வைப்பது என்பதில்தான் அவருடைய முப்பது வருட அனுபவம் வேலை செய்தது. யட்டவத்தை மழைக்கு அலமாரியில் வைத்த எந்த ரப்பரிலும் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடிக்காத ஒரே இடம், ஷீட்டுகளைத் தொங்கவிட்டு ரப்பர் விறகு எரிக்கும் புகையறை. பெல்ட்டுகளை உறையிலிருந்து எடுத்து, துடைத்து, மூங்கில் கழியில் ஷீட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டார். ஷீட்டுகள் ஐந்தாறு நாளில் வெளியே வந்துவிடும். பெல்ட்டுகள் இரண்டரை வருடத்துக்கும் மேல் அங்கேயே இருந்தன. பூஞ்சணம் பிடிக்கவில்லை என்பது உண்மைதான்.

இந்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு றிப்காவின் மாமியார் வீட்டார் வந்தார்கள். அவர்களில் ஒருவரின் புதுச் சாரம் பைக்கின் ஒரு திருகில் மாட்டிக் கிழிந்தது. அவர்கள் போனதும் முதலாளியின் மனைவி ஜஸ்லா தீர்ப்புச் சொன்னார். நான் அப்போது அங்கே இருந்தேன்.

"றிப்காட வாப்பா, எட்டு வருஷமா இது எனக்குச் சக்களத்தி. ஒரு நாளாவது என்னைய இதில ஏத்திக்கொண்டு போனீங்களா?"

"எங்க போகோணும்? சொல்லுங்க."

"ரிவர்ஸ்டன் மலைக்கு. நடுவில நிக்காம போய்த் திரும்பி வந்தா, இது ஹோலில ஈக்கட்டும், நான் ஒண்ணும் பேச மாட்டன். நிண்டா வித்துருங்க."

முதலாளி உடனே ஒப்புக்கொண்டார். பைக்கைத் தக்கவைக்கும் ஒரே பயணம் என்பதால் பழைய பெல்ட்டோடு போக அவருக்கும் துணிவு வரவில்லை. புகையறையிலிருந்து புதியவை இறங்கின.

தயாபரன் அவற்றைக் கையில் வாங்கியதும் மூக்கைச் சுளித்தார்.

"என்னங்க முதலாளி, கருவாடு மாதிரி வாசம் அடிக்குது?"

"உனக்கு ரப்பர் வாசம் தெரியா. அது நல்லா பதமான வாசம்."

"வளைச்சா முறுக்கு மாதிரி வெறப்பா இருக்குங்க. கழட்டுன பழசு இத விட மெதுவா இருக்குது."

"மெது எண்டா பச்சை ரப்பர். வெறப்பு எண்டா பதம் வந்த ரப்பர். நீ பூட்டு."

"ரப்பர் முதலாளி நீங்க. நான் என்னத்த சொல்ல" என்று தயாபரன் பூட்டினார். கழற்றிய பழைய பெல்ட்டுகளை ஜஸ்லா கேட்டு வாங்கிப் பின்பக்கக் கதவைத் தூணோடு கட்டினார். எட்டு வருடத்து ரப்பர் அது. அந்தக் கதவைப் பிறகு இரண்டு ஆடுகள் முட்டிப் பார்த்தும் திறக்க முடியவில்லை.

ஏப்ரல் 27 ஞாயிறு காலை இருவரும் புறப்பட்டார்கள். நடந்ததைச் சொன்னவர் ஜஸ்லாதான். மலையடிவாரத்து ரத்தோட்டை வரை பைக் அருமையாக ஓடியிருக்கிறது. ஏற்றம் தொடங்கியதும் காற்று குளிர, ஜஸ்லா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இவ்வளவு நல்லா ஈக்குமெண்டு எட்டு வருஷமா ஏன் சொல்லல்ல?" என்று கேட்டாராம். முதலாளி பதில் சொல்லத் திரும்பிய அந்த வளைவில் எஞ்சினிலிருந்து, தகரப் பேணிக்குள் கல் போட்டுக் குலுக்கியது போல் ஒரு சத்தம் எழுந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. போஞ்சிக்காய் ஏற்றி இறங்கி வந்த லொறி ஒன்றில் பைக்கை மூட்டைகளுக்கு மேலே கட்டி, இருவரும் முன் சீற்றில் உட்கார்ந்து திரும்பினார்கள்.

"நிண்டுட்டுது" என்றார் ஜஸ்லா.

"பைக் நிக்கல்ல. பெல்ட் அறுந்த. பெல்ட் பிழையெண்டா அது செஞ்சவன்ட குத்தம்."

ஜஸ்லா கொஞ்சம் யோசித்தார். மலையேறியபோது அடித்த காற்று அவர் மனதை இளக்கியிருக்கலாம். "சரி. பெல்ட்டு பிழையெண்டு அவங்க எழுதித் தந்தா, நீங்க எஞ்சின் திருத்துங்க, பைக் ஈக்கட்டும். இல்லாட்டி வித்துருங்க" என்றார்.

பெல்ட் விற்ற இத்தாலிக் கடைக்கு ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதும் வேலை எனக்கு வந்தது. அறுந்த துண்டையும் வைத்து அனுப்பச் சொன்னார் முதலாளி.

"பெல்ட்டை எங்கே வைத்திருந்தோம் என்று எழுதவா முதலாளி?"

"மிச்சம் பாதுகாப்பா வெச்சோமெண்டு எழுதுங்க."

அப்படியே எழுதினேன். முதல் பதிலில் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். இரண்டாவதில், துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டு முதலாளி மிகவும் மகிழ்ந்தார். "பாத்தீங்களா? பிழை இல்லாட்டி ஏன் பரிசோதிக்கிற?" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஜஸ்லாவும் ஒருநாள், குளிர் காலத்தில் ரிவர்ஸ்டன் போனால் இன்னும் நன்றாக இருக்குமா என்று என்னிடம் கேட்டார். ஆறு மாதம் பைக், முதலாளியின் கடைப் பின்பக்கத்தில் நின்றது. அந்த ஆறு மாதமும் முதலாளிக்குப் பெல்ட் அறுந்த கவலையே இல்லை.

மூன்றாவது கடிதத்தை இருவரையும் உட்கார வைத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். பெல்ட்டில் தயாரிப்புக் குறை எதுவுமில்லை. நீண்ட காலம் வெப்பத்தில் கிடந்ததால் இறுகி வெடித்திருக்கிறது. நூலிழைகளுக்குள்ளே கரி படிந்திருக்கிறது. பெல்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலத்தால் பழசாகும்; உறையில் இருப்பதும் அப்படியே. குளிர்ந்த, இருட்டான இடத்தில் வைக்க வேண்டும். கடைசி வரியை எனக்குள் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் சொன்னேன். "தங்கள் வீட்டில் ஏற்பட்ட தீ விபத்தில் யாருக்கும் தீங்கு நேரவில்லை என நம்புகிறோம்."

ஜஸ்லா சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. முதலாளி கடிதத்தை வாங்கினார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு மடித்து என்னிடம் தந்தார்.

"பதில் எழுதுங்க கிளாக்கரய்யா. அல்ஹம்துலில்லாஹ், எல்லாரும் சுகமெண்டு எழுதுங்க. அதுக்குப் பிறகு தயாபரனுக்குப் போன் போட்டு, பைக்குக்கு ஆள் பார்க்கச் சொல்லுங்க."

அந்தக் கடிதம் வந்தது 2025 நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை.