ஸ்டோர் விளக்கும் தூங்காத கொடியும்

ஜக்கம்மாளுக்குக் கைராசி உண்டு என்று போடிமெட்டுச் சரிவில் இருந்த அந்த ஏலக்காய் எஸ்டேட்டில் பத்து வருஷமாகப் பேச்சு. ஆனி மழையில் ஏல நாற்று நடும்போது முதல் நாற்றை அவள்தான் வைப்பாள். எழுபத்தாறாம் வருஷம் அந்த மரியாதை போயிற்று. காரணம், அவளுடைய திராட்சைக் கொடி.

வீட்டு வாசலில், ஏலக்காய் ஸ்டோரை ஒட்டிப் பந்தல் போட்டு அதை வளர்த்திருந்தாள். தேவாரத்திலிருக்கும் தம்பி சீனிச்சாமி நடுவதற்குக் கேட்டான் என்று மார்கழியில் இருபது குச்சி வெட்டினாள். பந்தலில் பாதி இலையுதிர்ந்து பழுப்பேறிக் கிடந்தது. ஸ்டோர்ப் பக்கம் மட்டும் பச்சைப்பசேல் என்றிருந்தது. பச்சையாகப் பார்த்தே வெட்டினாள். தம்பிக்கல்லவா. இருபதும் அழுகிப்போயின.

“ஒங் கை பட்டாத் துளுக்கும்னாக. துளுத்துச்சுக்கா, காளான்!” என்று ஆட்கள் காதிலெல்லாம் விழும்படி சொல்லிவிட்டுப் போனான் சீனிச்சாமி. “இன்னொரு தடவ பாக்குறேன். இல்லன்னா கம்பம் டவுன்ல வாங்கிக்கிறேன்.”

அந்த ஆனியில் முதல் நாற்றை, கூட வேலை செய்யும் மூக்கம்மாள் வைத்தாள். ஜக்கம்மாள் பின்வரிசையில் நின்று நட்டாள்.

அவள் அழுகிற ஆள் இல்லை, பார்க்கிற ஆள். ஐப்பசியில் பொழுது சுருங்கத் தொடங்கியதும் தினமும் வேலை விட்டு வந்து பந்தலடியில் நின்றாள். ஸ்டோரை விட்டுத் தள்ளியிருந்த பாதியில் நுனி வளர்வது நின்றுவிட்டது. தண்டு அடியிலிருந்து வெல்ல நிறமாக மாறிக்கொண்டு வந்தது. ஸ்டோர்ப் பக்கமோ இன்னும் கொழுந்து நீட்டிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அவள் நிற்கும்போதே ஸ்டோர் மூலையில் விளக்குப் போட்டார்கள். முந்தின வருஷம் கரண்டு வந்தபோது மாட்டியது. காய் களவு போகாமலிருக்க விடிய விடிய எரியும். சுவரின் நிழல் பந்தலில் கோடு கிழித்தது. நிழலுக்குள் பழுப்பு, வெளிச்சத்தில் பச்சை. இலைக்கு இலை சரியாக.

பொழுது குறைவதை வைத்துத்தான் கொடி அடங்கக் கற்றுக்கொள்கிறது. இந்தப் பாதிக்குப் பொழுதே குறையவில்லை. இளந்தண்டையே வளர்த்துக்கொண்டிருக்கிறது. முற்றாத தண்டில் அடுத்த துளிருக்கான சேமிப்பு ஏது? நட்டால் அழுகத்தான் செய்யும்.

“அண்ணே, விளக்க அணைங்க.”

காவல்காரர் உக்கிரபாண்டி சிரித்தார். “எதுக்கு? கொடிக்குக் கண்ணு கூசுதாக்கும்?”

“தூங்க மாட்டேங்குது.”

“நானுந்தான் தூங்கல. எனக்கு யாரு அணைக்கிறா?”

ஆனாலும் ஏணி பிடித்தார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விரித்து, பந்தல் பக்கம் வெளிச்சம் விழாமல் மறைப்புக் கட்டினாள். மார்கழிக்குள் அந்தப் பாதியும் மஞ்சளாகி உதிர்ந்தது.

“கொன்னுட்டியே ஆத்தா!” என்றார் உக்கிரபாண்டி.

ஜக்கம்மாள் ஒரு தண்டை நகத்தால் கீறிக் காட்டினாள். பழுப்புத் தோலுக்கடியில் பச்சை.

இருபது குச்சி, ஈரச்சாக்கில் சுற்றி, ஜீப்பில் தேவாரம் போயிற்று. மாசியில் சீனிச்சாமியே மலையேறி வந்தான்.

“பதினெட்டு துளுத்திருச்சுக்கா.”

“மிச்சம் ரெண்டு?”

“ஆடு கடிச்சிருச்சு.”

“அது ஒங் கைராசி” என்றாள்.

இதை உக்கிரபாண்டி எஸ்டேட் முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஆனி வந்தது. முதல் குழி முன்னால் போய் நின்ற மூக்கம்மாள் திரும்பி நாற்றை நீட்டினாள்.

“நீயே வையி மதினி. எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு.”

மூக்கம்மாள் அன்று சாயங்காலம் வரை குனிந்துதான் நட்டாள். இடுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.