தொப்புள்கொடிக்கு ஒரு போர்மேன்

என் மகள் பிறந்தபோது நான் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். காயப்போடும் மேடை முழுக்க என் பொறுப்பு. மருந்து அடைத்த சரக்கை வெயிலில் பரப்பி, ஈரம் போகும்வரை யாரையும் அண்டவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "காயாததுல கை வைக்காதீக" என்று நாளைக்கு நூறு தடவையாவது கத்துவேன். ஈரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு.

அதனால், அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"தொப்புள்ல எதையும் தடவாதீக. தண்ணி படாம காத்தாட விடுங்க. காஞ்சு தானா விழுந்துரும். கையக் கழுவாம யாரும் தொடக் கூடாது."

இதைப் போய் என்னிடம் சொல்கிறாரே!

தலைப்பிரசவம் என்பதால் மனைவியும் பிள்ளையும் அடுத்த தெருவில் மாமியார் வீட்டில் இருந்தார்கள். சாயங்காலம் கம்பெனி வேன் இறக்கிவிட்டதும் நேரே அங்கே போய்விடுவேன். முதல் வாரம் வாசலில் எனக்குச் சோதனை வேலை. கம்பெனி கேட்டில் தீப்பெட்டி, பீடி, அப்போதுதான் ஆளாளுக்கு வாங்கத் தொடங்கியிருந்த செல்போன் எல்லாவற்றையும் தடவிப் பார்த்து வாங்கிவைப்போம். இங்கே வசம்புக் கரி, மஞ்சள், விளக்கெண்ணெய், முகப்பவுடர். எதிர்வீட்டு அக்கா முந்தானையில் முடிந்து கொண்டுவந்த அடுப்புச் சாம்பலைக்கூட நான் உள்ளே விடவில்லை.

"மூணு பிள்ள பெத்தவளுக்கு இவரு பாடம் நடத்துறாரு" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்பது நாள் ஆகியும் கொடி விழவில்லை. எங்கள் பிள்ளையோடு அதே வார்டில் பிறந்த பிள்ளைக்கு ஐந்தாம் நாளே விழுந்துவிட்டதாகச் சேதி வந்தது. என் மேற்பார்வையில் ஒரு சரக்கு காயத் தாமதமானால் என் மானம் என்ன ஆவது? எதிர்வீட்டு அக்கா வேறு, "இன்னுமா விழல?" என்று தினமும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் நான் போனபோது மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். மாமியார் அடுப்படியில். பிள்ளையின் துணியை விலக்கிப் பார்த்தேன். கருத்துச் சுருங்கிய கொடி, ஓரத்தில் ஒரு நூல் அளவுக்குத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. சரக்கு காய்ந்துவிட்டதா என்று மேடையில் நகத்தால் நெருடிப் பார்ப்பது என் வழக்கம். நெருடினேன். கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரு பொட்டு ரத்தம். பிள்ளை வீரிட்டாள்.

"தானா விழுந்துருச்சு" என்றேன், ஓடிவந்த மாமியாரிடம்.

"மாப்ள கைராசி" என்று மெச்சிக்கொண்டே, பிறகு தாயத்தில் அடைத்துக் கட்டுவதற்காக அதை மஞ்சள் துணியில் முடிந்துவைத்தார். எதிர்வீட்டுக்கு நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள் தொப்புளைச் சுற்றிச் சிவந்தது. மறுநாள் காலையில் சீழ் வாடை அடித்தது. பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாள், உடம்பு கொதித்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, பிள்ளை பிழைத்தால் போதும், அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம் என்று இருந்தது.

அதே நர்ஸம்மா. ஈரப் பஞ்சால் தொப்புள் மடிப்பைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். சீழோடு என்னவோ வெள்ளியாக மினுங்கியது.

"இது என்னது?"

எங்கள் ஊரில் அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடர் எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டு லேசில் போகாது. அன்றைக்கு நான் சோப்பே போட்டிருக்கவில்லை. மனைவி பஞ்சைப் பார்த்தாள். பிறகு என் விரல்களைப் பார்த்தாள்.

"காயாததுல கை வைக்காதீகன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவீகளே" என்றாள்.

நான் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

ஐந்து நாள் ஊசி போட்டார்கள். பிள்ளை தேறி வீடு வந்தாள். அன்று சாயங்காலம் வேனை விட்டு இறங்கி வேகவேகமாகப் போனேன். மனைவி வாசலை மறித்து நின்றாள்.

"கைய நீட்டுங்க."

எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டினேன். ஒவ்வொரு நகமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, கொல்லைப்புறக் குழாயைக் காட்டினாள். மூன்றாவது தடவை கழுவிவிட்டு வந்த பிறகுதான் பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.