ஆற்றில் விடும் துணி

எங்கள் வீட்டில் மாமியார் முத்தாயம்மாளை எதிர்த்துப் பேசிவிட்டு அங்கேயே சோறும் தின்றவள் கந்தம்மாள் ஒருத்திதான். மூத்த மருமகள் எனக்கே அந்தத் துணிச்சல் வரவில்லை. கந்தம்மாள் என் கொழுந்தன் பச்சமுத்துவின் மனைவி. குமாரபாளையத்தில் வீட்டுக்குப் பின்னால் ஓடிய விசைத்தறிகளில் பாதியை அவளே பார்த்துக்கொள்வாள். கல்யாணமாகிப் பல வருஷம், குழந்தை இல்லை. வளைகாப்பு வீடுகளில் அவளைப் பின்னால் உட்கார வைப்பார்கள். அந்தக் கூட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூற்றிரண்டில், அஸ்தம்பட்டி டாக்டர் ஒருவர் சொல்லி, மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். துணைக்கு நானும் போயிருந்தேன். சோதனைக்குழாய்க் குழந்தை. நிறைய முட்டைகளை எடுத்துக் கருவாக்கி, நன்றாக வளர்கிற மூன்றை மட்டும் உள்ளே வைப்பார்களாம்.

"மீதி என்னாகுமுங்க?" என்று கந்தம்மாள் கேட்டாள்.

"எடுத்துப் போட்டுடுவோம்மா."

"அப்ப ரெண்டே ரெண்டை உண்டாக்குங்க. ரெண்டையும் எனக்கே வெச்சிருங்க."

அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா பொறுமைசாலி. வாய்ப்பு ரொம்பக் குறைந்துவிடும் என்றார். "உங்க உடம்பே எத்தனையோ கருவை உங்களுக்குத் தெரியாமலே கலைச்சிருக்கும்மா" என்றும் சொல்லிப் பார்த்தார்.

"தானாப் போறது வேறங்க, நாம எடுத்து எறியறது வேறங்க. ஊட்டுல பெரியவங்க சாகறாங்கன்னு நாமளே கொண்டுபோய்த் தள்ளுவமுங்களா?"

வெளியே காத்திருந்த எருமப்பட்டி பாவாயிக்கு, இதெல்லாம் காதில் விழுந்து கோபம் வந்துவிட்டது. அவளும் குழந்தைக்காக வந்தவள். "நீ பேசறதப் பாத்தா எங்களுக்கெல்லாம் புள்ளையே வேண்டாங்கறாப்பல இருக்குது."

"வைத்தியம் வேண்டாம்னா சொன்னேன்? அதுக்குத்தானுங்க நானும் வந்து உக்காந்திருக்கறேன். ஒண்ணப் பெத்துக்க இன்னொண்ண எறியச் சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன்."

வீட்டில் பெரிய ரகளை. மாமியார் தறிச்சத்தத்தையும் மீறிக் கத்தினார். "கடுகத்தனைகூட இருக்காதாமா. கண்ணுக்கே தெரியாததுக்குப் போயி எம்பட பையன் வம்சத்தக் கெடுக்கறயா?"

கந்தம்மாள் தறியை நிறுத்தினாள். "ஏனுங்க அத்தை, ஆடிப் பதினெட்டுக்கு ஆத்துல யாருக்குங்க துணி உடறீங்க?"

மாமியாரின் முதல் கரு மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது. ஆணா பெண்ணா தெரியாது, பேரும் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு ஆடிக்கும் காவிரியில் ஒரு சாண் மஞ்சள் துணியை விட்டு, "எங்கிருந்தாலும் நல்லாரு சாமி" என்பார். தெருவில் யாரும் அதைக் கேலி செய்ததில்லை.

"அது என்ற வயித்துல இருந்துச்சுடி."

"இதும் என்றதுதானுங்க அத்தை. இருக்கற இடந்தான் வேற."

மாமியார் உள்ளே போய்விட்டார். அதன்பின் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பச்சமுத்து வாயில்லாப் பூச்சி. ஆனால் ஆஸ்பத்திரியில், "அவ சொல்றாப்பலயே செய்யுங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டான்.

இரண்டு கரு உண்டானது. இரண்டையும் வைத்தார்கள். இரண்டுமே நிற்கவில்லை.

வீம்பு பிடித்துக் கெட்டாள் என்று ஊரே வாயில் போட்டு மென்றது. "அவங்க சொன்னபடி நெறைய உண்டாக்கியிருந்தா ஒண்ணு நின்னிருக்குமோ என்னமோ" என்று நான் மெல்லக் கேட்டேன்.

"நின்னிருக்கலாமுங்க அக்கா. நெஞ்சு வேகாம இருக்குமா? ஆனா திரும்பவும் கேட்டா இதையேதான் சொல்லுவேன்."

சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே போய்த் தறியை ஓட்டினாள்.

அடுத்த ஆடிப் பதினெட்டு வந்தது. காலையிலேயே குளித்துவிட்டு மாமியார் தறிக்கொட்டகை வாசலில் வந்து நின்றார். "கந்தம்மா, தறிய நிறுத்திப்போட்டு வா. ஆத்துக்குப் போலாம்."

அவர் கையில் மூன்று மஞ்சள் துணிகள் இருந்தன. ஒன்றைத் தன் மடியில் செருகிக்கொண்டு, மற்ற இரண்டையும் அவளிடம் கொடுத்தார்.