கடல் பார்க்கும் அறை, சின்னப் பிள்ளைகள் இருவர்

டிக்கட் போடுகிறவர்கள் உலகத்தில் எல்லா ஊருக்கும் வழி சொல்வார்கள். அவர்கள் மட்டும் கொழும்பு பஸ்ஸைத் தாண்டி எதிலும் ஏறியிருக்க மாட்டார்கள். கல்முனை பிரதான வீதியில் ஒரு பிரயாண முகவர் கடையில் பதினான்கு வருடம் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தவள் நான். கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அடுத்தவர் சந்தோசத்துக்கு நாள் குறித்துக் கொடுக்கிற என் இனத்தாரே, நான் சொல்லப்போவது உங்களுக்குத்தான் சரியாக விளங்கும்.

கடல் தாண்டிக் கடல்

எங்கள் கடைக்கு இரண்டு வகை ஆட்கள்தான் வருவார்கள். வீட்டு வேலைக்கு ரியாத், குவைத் என்று போகிற பெண்கள் ஒரு வகை. மக்காவுக்கு உம்றாப் பயணம் போகிற வயதாளிகள் மற்ற வகை. சுனாமிக்குப் பிறகு மூன்றாவது வகை ஒன்று வந்து சேர்ந்தது. நிவாரண நிறுவனங்களில் வேலை செய்ய வந்த வெளிநாட்டுக்காரர்கள். எங்கள் கஷ்டங்களைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு மனம் களைத்துப் போகுமாம், அதனால் சில மாதங்களுக்கு ஒருதரம் லீவு கொடுப்பார்கள். கஷ்டத்தைப் பார்க்கிறவர்களுக்கே லீவு என்றால் படுகிறவர்களுக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

அப்படி வந்தவர்தான் டானியல். ஒரு நிறுவனத்தில் வீட்டுத் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி. மரியாதையான மனிதர், கதவைத் திறந்ததும் ஸலாம் சொல்லுவார். ஓகஸ்ட் மாதத்தில் பதினாலு நாள் கரீபியன் தீவு ஒன்றில் தங்க வேண்டும், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தங்கள் நாட்டிலிருந்து நேரே அங்கே வருவார்கள், எல்லாவற்றையும் நான்தான் ஒழுங்கு செய்ய வேண்டும் என்றார். அவர் போன பிறகு, அது எங்கே இருக்கிறது என்று, அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடும் முதலாளி ஹசனார் கேட்டார். மேற்கிந்தியத் தீவுகள்தான் காக்கா, கிரிக்கட் ஆடுவார்களே என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இஞ்ச கூப்பிடுற தூரத்துல கடல் கிடக்கு. இத உட்டுட்டு ரெண்டு கடல் தாண்டிப் போய்க் கடல் பாக்கப் போறாராகா?"

ஏழும் நாலும்

அறை தேடுவதற்கு முதலில் பிள்ளைகளின் வயதைக் கொடுக்க வேண்டும். பெரியவளுக்கு ஏழு, சின்னவனுக்கு நாலு என்றார். நான் தட்டினேன். என் மகள் நுஸ்ரத்துக்கும் அப்போது ஏழு. மகன் சஹ்லுக்கு நாலிலேயே நின்றுவிட்டது. கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளின் கையை நான் பிடித்திருந்தேன். மகனின் கையை என் மனுசன் பிடித்திருந்தார். அவர் அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. லொறி ஓட்டப் போவார், வருவார், சோறு வைத்தால் தின்பார்.

டானியல் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்ததை வாசித்தார். மணல் மெத்தென்று இருக்க வேண்டும். கரையோரம் ஆழம் இருக்கக் கூடாது. சின்னவனுக்குக் கச்சான் கடலை ஒத்துக்கொள்ளாது. தொட்டில் வேண்டாம், ஆனால் கட்டிலுக்குத் தடுப்பு வேண்டும். ஒரு தகப்பன் இவ்வளவு யோசிக்கிறாரே என்று எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். ஓம் என்றேன். எத்தனை என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அவர் கேட்கவில்லை, சிரித்தார்.

"அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும், பிள்ளைகளைக் கடலிலிருந்து வெளியே எடுப்பதுதான் பெரிய பாடு."

பதினேழாவது பெயர்

எங்கள் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்ணின் சொத்து. என் உம்மா எனக்குத் தந்தார், நான் நுஸ்ரத்துக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்க வீடு இல்லாத தாயின் வாசலில் கலியாணம் பேச யாரும் செருப்பைக் கழற்ற மாட்டார்கள். என் வீடு கடலோடு போய்விட்டது. வீடு நின்ற வளவு மட்டும் இருக்கிறது, ஆனால் அது கரைக்குக் கிட்ட, இனி அங்கே கட்டக்கூடாது என்று கல் நட்டுவிட்டார்கள். நாங்கள் ஒன்றரை வருடமாகத் தகரக் கொட்டிலில் இருந்தோம். பகலில் அதற்குள் நிற்க முடியாது. மகள் வாசலில் சாக்கை விரித்துப் பள்ளிக்கூட வேலை செய்வாள்.

டானியலின் நிறுவனம் வயல் பக்கம் மண் போட்டு நிரப்பி நாற்பது வீடு கட்டிக்கொண்டிருந்தது. யாருக்கு வீடு என்ற பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர் டானியல். விளங்குகிறதா? அவருடைய லீவு என் கையில், என்னுடைய வீடு அவர் கையில். அவருக்கோ அது தெரியாது. பட்டியலில் இருப்பது கணவரின் பெயர். குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் ஆம்பிளையின் பெயரைத்தான் எழுத வேண்டுமாம். அவருடைய நிறுவனத்தின் கந்தோரில் மொழிபெயர்ப்பு வேலை செய்யும் காரைதீவுப் பிள்ளை சுகந்திதான் எனக்கு விசயம் கொண்டுவருவாள். மாதக் கடைசி வியாழக்கிழமை கூட்டத்தில் கையெழுத்து என்று அவள்தான் சொன்னாள். நான் சேரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டுமா என்றேன். அவள் பயந்து போனாள். சிபாரிசுக்கு வருகிறவர்களின் பெயர் நீக்கப்படும் என்று அவர்களின் சுவரில் மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தார்கள்.

"உங்கட பேர் பதினேழாவது, ராத்தா. நீங்க வாயே திறந்திராதீங்க, கதைச்சீங்க எண்டா வெட்டிருவாங்க."

மேட்டில் ஓர் அறை

நான் வாய் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக வேலையை ஒழுங்காகச் செய்வோம் என்று முடிவு செய்தேன். அந்தக் காலத்து இன்டர்நெட் தெரியும்தானே, ஒரு படம் முழுதாக வருவதற்குள் ஒரு வக்து தொழுது முடித்துவிடலாம். சென்ட் லூசியா என்ற தீவில் நாலு நாள் தேடினேன். கரையில் இருந்த ஹோட்டல்களையெல்லாம் தள்ளிவிட்டேன். மணலில் கதவு திறக்கிற அறையை ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதற்கு எனக்குக் கை வரவில்லை. கடைசியில் ஒன்று கிடைத்தது. மேட்டில், கடலிலிருந்து நல்ல தூரத்தில், கொங்கிறீட் கட்டடம். மூன்றாம் மாடி. அறை வாசலிலேயே படி, படி நேரே மொட்டை மாடிக்குப் போகிறது, பின்னால் மலைக்கு ஏறுகிற ரோட்டு. படத்தைப் பெரிதாக்கிப் படிகளை எண்ணிப் பார்த்தேன். சுனாமிக்குப் பிறகு ஒரு வேலையைச் செய்து மனம் நிறைந்தது அன்றைக்குத்தான்.

டானியல் தாளைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். நான் கடற்கரை கேட்டேனே, இது மலையல்லவா என்றார். சின்னப் பிள்ளைகள் வருகிறார்களே சேர் என்றேன். "பிள்ளைகள் வருவதால்தானே கடற்கரை கேட்டேன்" என்றார். கோபித்துக் கத்தவில்லை, அலுத்துக்கொண்டார். இந்த ஊரில் ஒன்றரை வருடம் வேலை செய்தவருக்கு அந்த அறையை நான் ஏன் எடுத்தேன் என்று விளங்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டுக்குப் போய் என் மனுசனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ எடுத்த அறதான் சரியான அற. மூணாம் மாடியா? இன்னும் ஒரு மாடி மேல கிடைச்சா நல்லம்."

ஒரு கிழமை முந்தி

திரும்பத் தேடினேன். இந்த முறை அவர் கேட்டபடியே. நாலு நாளைக்குள் கரையோர அறைகளெல்லாம் போயிருந்தன. ஒரே ஒரு ஹோட்டலில், மணலில் கதவு திறக்கிற கீழ்த்தள அறை ஒன்று மிச்சம். ஆனால் நாங்கள் குறித்த நாளுக்குச் சரியாக ஏழு நாள், ஒரு கிழமை முந்தி. முந்தின கணக்கில் அவர் கூட்டம் முடிந்து திங்கட்கிழமை பறப்பார். இப்போது கூட்டத்துக்கு முந்தின திங்கட்கிழமையே பறக்க வேண்டும். அவர் இல்லாமல் கூட்டம் இல்லை, கூட்டம் இல்லாமல் கையெழுத்து இல்லை.

அறை இல்லை சேர் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஹசனார் காக்கா பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. திகதியை மாற்றித் தட்டினேன். மேட்டில் அறை தேடிய நாலு நாளும் என் தலையிலேயே வந்து விடிந்தது. பிள்ளைகளுக்கு நல்லது செய்யப் போய் என் பிள்ளையின் வீட்டைத் தள்ளிவைத்தேன். டிக்கட்டை வாங்கிக்கொண்டு டானியல் கந்தோர் அலுவல்களை நினைத்தவராகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"இங்கே எதுவும் இரண்டு கிழமையில் ஓடிப்போகாது."

அலைச் சத்தம்

ஐந்தாம் நாள் தீவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இரவில் அலை பெரிய சத்தம், பிள்ளைகள் பயந்து எழும்பி அழுகிறார்கள், மனைவிக்கும் தூக்கமில்லை, நீங்கள் முதலில் பார்த்த அந்த மேட்டு ஹோட்டலுக்கு மாற முடியுமா என்று கேட்டிருந்தார். அந்த அறை இன்னும் இருக்கிறதா என்று தேடினேன். பிறகு மாற்றிக் கொடுத்தேன். நாலு வயதுப் பிள்ளை அலைக்குப் பயந்து அழுகிறதென்றால் அதில் எனக்குச் சந்தோசப்பட ஒன்றுமில்லை. மூன்றாம் மாடியில் அன்றிரவே நன்றாகத் தூங்கினார்களாம். அந்த நன்றியில் டானியல் தன் கந்தோருக்கே ஒரு கடிதம் அனுப்பினார். அதன் பிரதியைச் சுகந்தி கொண்டுவந்து தந்தாள். ஹசனார் காக்கா அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

"இந்தப் பெண்மணியைப் போலத் திறமையும் நிலையான தொழிலும் உள்ளவரிடமே நம் ஊழியர் எல்லோரும் பயணங்களை ஒப்படைக்க வேண்டும்."

நிலையான தொழில்

அவர் லீவில் இருக்கும்போதே திருகோணமலைப் பக்கம் சண்டை மூண்டுவிட்டது. லீவில் போன வெளிநாட்டுக்காரர்களைத் திரும்ப வரவேண்டாம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. டானியலின் மேசைக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார், தமிழ் நன்றாகக் கதைப்பார். கையெழுத்தில்லாத பட்டியல் செல்லாது என்று சொல்லிப் புதிதாக விசாரணை வைத்தார். தகரக் கொட்டில்களுக்கு ஆட்கள் வந்து, அடுப்பு எத்தனை, தலை எத்தனை, வேலை என்ன என்று எழுதிக்கொண்டு போனார்கள். புதுப்பட்டியலில் பதினேழில் வேறு பெயர். ஒன்றிலிருந்து நாற்பது வரை எங்கேயும் நாங்கள் இல்லை.

இனி வெட்டுவதற்கு ஒன்றுமில்லை என்ற துணிச்சலில் புது அதிகாரியிடம் நேரே போனேன். நுஸ்ரத்தையும் கூட்டிப் போனேன். அவர் கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். டானியலின் நன்றிக் கடிதம். என் முழுப் பெயரும் கடையின் பெயரும் இருந்தன. எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. அதைப் பார்த்து மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். வாசலில் நின்ற சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரி கடிதத்தில் விரலை வைத்துக் கேட்டார்.

"வெள்ளைக்காரருக்கு மலையில அறை எடுத்துக் குடுக்கிற நிலையில இருக்கிறீங்க, உங்களுக்கு எதுக்குத் தங்கச்சி எங்கட வீடு?"

ஒரு நிமிட வேலை

சண்டை முடிந்த அடுத்த வருடம் எங்கள் தொழிலுக்கு நல்ல காலம் வந்தது. கிழக்குக் கரை முழுக்க ஹோட்டல் முளைத்தது. எங்களுக்குக் கல் நட்ட அதே கரையில் அவர்களுக்கு அறை கட்ட இடமிருந்தது. ஒரு நாள் காலை கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு டானியல் வந்து ஸலாம் சொன்னார். பின்னால் மனைவி, வளர்ந்த மகள், மகன். நான் வயதைக் கேட்காமலே மகனுக்கு எட்டு என்று தட்டினேன். பொத்துவில் பக்கம் மூன்று இரவு தங்க வேண்டும், தான் கட்டிய வீடுகளையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றார்.

சுகந்தி அவரோடு கடிதப் போக்குவரத்தில் இருந்திருக்கிறாள். பதினேழாவது பெயர் என் குடும்பம்தான் என்று எப்போதோ எழுதியிருக்கிறாள். மனைவியையும் பிள்ளைகளையும் வெளியே இளநீர் குடிக்க அனுப்பிவிட்டு, அவர் என் முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். மதினி வீட்டில், ஒரு அறையில் என்றேன். மகள் எப்படி என்றார். இந்த வருடம் பெரிய பிள்ளையாகிவிட்டாள் என்றேன். அதன் அர்த்தம் அவருக்கு விளங்கியிருக்காது. இன்னும் ஆறேழு வருடத்தில் வாசலுக்கு ஆட்கள் வருவார்கள், வந்து முதலில் கேட்பது வீடு எங்கே என்றுதான். அவருடைய குரல் உண்மையிலேயே உடைந்தது, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அது ஒரு நிமிட வேலை, விமானத்துக்குப் போகிற வழியிலேயே கையெழுத்துப் போட்டிருப்பேன்."

கேட்டால் வெட்டுவார்கள் என்று கேட்காமலிருந்து, கேட்காததாலேயே வெட்டுப்பட்டவள் சொல்கிறேன், கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் என் இனத்தாரே: அடுத்த முறை கேட்டுவிட்டே வெட்டுப்படுங்கள்.