முக்காலடி

நாடக மேடைக்கு முதலில் வந்து சனத்தைச் சிரிக்க வைக்கும் பபூன் வேடத்துக்குத் திருக்கோகர்ணம் ஆண்டியப்பன்தான் வாத்தியார். பேச்சும் பாட்டும் அவரே எழுதினார். தடுக்குவது, விழுவது, எழுவது எல்லாவற்றுக்கும் அடிக்கணக்கு வைத்திருந்தார். நடிகர் ஓர் ஊரிலிருந்தும் மிருதங்கக்காரர் வேறோர் ஊரிலிருந்தும் வந்து மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. அதனால் பாடத்தில் ஒரு அடி பிசகினாலும் அவர் விடமாட்டார்.

1948இல் அவர் உண்டாக்கியது 'முக்காலடி'. வலக்கால் முழு அடி வைக்கும். இடக்கால் முக்கால் அடி இழுபடும். கடற்கரை ஊரான மீமிசல் வரைக்கும் சனம் அதைக் கேட்டு வாங்கிச் சிரித்தது. நாற்பது பேர் அவரிடம் அதைப் பாடம் எடுத்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து மகள் செவந்தி பிறந்தாள். மூன்று வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இடக்காலைச் சூம்ப வைத்தது. அன்றோடு அவர் அந்த நடையையும் மேடை ஏறுவதையும் விட்டார். கற்றுக்கொண்டவர்கள் விடவில்லை.

ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் செவந்தி பையை வீசிவிட்டு உட்கார்ந்தாள்.

"முக்காலடி வருது, வழி விடுங்கடான்னு கத்துறாங்க. என்னையப் பாத்தாப்பா அத எழுதுனீங்க?"

"இல்ல ஆத்தா. நீ பொறக்குறதுக்கு முன்னாடியே எழுதுனது."

"அப்ப நீங்க நொண்டிக் காட்டுனதாலதான் எனக்கு இப்படி ஆச்சா?"

அவள் இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள்.

தம்மிடம் பாடம் எடுத்த திருப்பதியிடம் போய், இனி அந்த நடையை ஆடவேண்டாம் என்று கெஞ்சினார்.

"நான் விட்டுர்றேன் வாத்தியாரே. மத்த ஊர்க்காரங்க விடணுமே? ஒங்களுக்கே தெரியாத ஆளெல்லாம் ஆடுறான்."

பிள்ளைகள் சிரிக்க வேறொன்று கொடுத்தால் இதை மறப்பார்கள் என்று ஆண்டியப்பனுக்குத் தோன்றியது. புதுச் செருப்பு கடித்த மாப்பிள்ளை வெந்நீரில் கால் வைத்தவனைப்போலக் குதித்து வரும் நடை ஒன்றை ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினார். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தாமே ஆட இடம் கேட்டு வாங்கினார். "வந்து பாரு. அப்பறமா போறதும் போகாததும் ஒன் இஷ்டம்" என்று செவந்தியை அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தார்.

மிருதங்கத்துக்கு ஐயனார் வந்திருந்தார். பழைய கூட்டாளி. அவரிடம் முன்கூட்டிப் பேசிக்கொள்ள ஆண்டியப்பனுக்குத் தோன்றவில்லை. அந்தத் தொழிலில் யாரும் பேசிக்கொள்வதில்லை.

படுதா விலகியது. ஏழு வருடத்துக்குப் பிறகு வாத்தியாரை மேடையில் பார்த்த சந்தோஷத்தில் ஐயனார் முக்காலடியின் தாளத்தை எடுத்துக் கொட்டினார். ஆண்டியப்பனின் வலக்கால் முழு அடி வைத்தது. இடக்கால் இழுபட்டது. நிறுத்த வேண்டும் என்று அவர் நினைப்பதற்குள் நான்கு அடி நடந்திருந்தார்.

"முக்காலடி! முக்காலடி!" பள்ளிக்கூடமே எழுந்து நின்று சிரித்தது.

நிமிர்ந்து பார்த்தபோது முன்வரிசையில் செவந்தியின் இடம் காலியாக இருந்தது. அவர் மாப்பிள்ளை நடையை ஆடாமலே உள்ளே போனார்.

ஐயனார் பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏழு வருசமாச்சு வாத்தியாரே, ஒரு அடி பெசகலயே!"