அடுத்த வருட விளைச்சல்

குவாத்தமாலாவிலும் ஏலக்காய் விளைகிறது. அந்நாட்டு வியாபாரிகளுடன் ஸ்பானிஷில் பேச ஆள் வேண்டும் என்று கொச்சியில் ஓர் ஏற்றுமதி அலுவலகம் அறிவித்திருந்தது. போடியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி அதற்காக என்னிடம் வந்தாள். நான் கல்லூரியில் அம்மொழியைப் படித்தவள். அவளோ பட்டம் பெற்றும் காய் தரம் பிரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். வேலை கிடைத்தால், விடியுமுன் ஜீப் ஏறி மலைத்தோட்டத்துக்குப் போகும் அம்மாவை நிறுத்திவிடலாம் என்று நம்பினாள்.

அடிப்படையைக் கைபேசியிலேயே கற்றிருந்தாள். காரணம் சொல்வதிலும் எதிர்காலம் சொல்வதிலும்தான் தடுமாற்றம். காரணம் முழு வாக்கியமாக வந்தால் ‘போர்க்கே’, பெயர்ச்சொல் மட்டும் என்றால் ‘போர்’ என்றேன். ‘போர் லா யூவியா’, மழையால். மேகத்தைப் பார்த்து நாம் ‘மழை பெய்யப் போகுது’ என்பதைப் போலவே, அவர்களும் ‘போ’ என்னும் வினையை வைத்து ‘வா ஆ யோவேர்’ என்கிறார்கள்.

“அங்கேயும் போறதுதானாக்கா? அப்ப வெரசா படிச்சிருவேன்” என்று சிரித்தாள்.

அடுத்த வருடம் விளைச்சல் எப்படியிருக்கும் என்று ஸ்பானிஷில் கேட்டேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். இனிமேல் காய்க்கப்போவதைப் பற்றி, இவ்வளவு வரும் என்று வாய்விட்டுச் சொல்வது அவள் வீட்டு வழக்கமில்லை.

“பயிற்சிக்குத்தானே, சும்மா சொல்லு.”

“சொல்லிப்புட்டு, நாளைக்குச் செடி அழுகினா எங்காத்தா என்னைய வீட்டுக்குள்ள விடுமா?”

நேர்காணலில் இதைத்தான் கேட்பார்கள் என்று எச்சரித்தேன்.

“கேட்டா, ஏன் சொல்றதில்லைன்னு காரணத்தைச் சொல்லிக்கிறேன். அதான் சொல்லிக்குடுத்துட்டீங்களே!”

அதற்குமேல் வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

நேர்காணல் என் வீட்டுக் கணினி வழியே நடந்தது. காயின் நிறம் ஏன் மங்குகிறது, தண்டு ஏன் அழுகுகிறது என்பதையெல்லாம் ஸ்பானிஷில் தடங்கலின்றிச் சொன்னாள். பிறகு திரையிலிருந்த அலுவலக அதிகாரி அடுத்த விளைச்சலைப் பற்றிக் கேட்டார். எங்கள் வீட்டில் அதைச் சொல்வதில்லை, சொன்னால் கெட்டுவிடும் என்று நம்புகிறோம் என்றாள். அவர் சிரித்துவிட்டு மறுபடி கேட்டார். அதே பதில்.

விளைச்சலைக் கணித்துச் சொல்பவர் வேண்டும் என்று கூறி வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். அவள் அம்மாவின் மலைப் பயணம் தொடர்கிறது. அன்று நான் வற்புறுத்தியிருந்தால் அந்த வேலை கிடைத்திருக்கலாம். அதற்காக அவள் தன் வீட்டாரின் அச்சத்தை மீற நேர்ந்திருக்கும். இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கிறேன். வருத்தம் எந்தப் பக்கமும் குறையவில்லை.

“தப்பாப் பேசிட்டேனாக்கா?” என்று கேட்டாள்.

“ஒரு பிழைகூட இல்லை.”

“அந்தக் குவாத்தமாலாக்காரங்க ஊருல செடியே அழுகாதா?”

அழுகும் என்றேன்.