ஒரே டிரம்மில் கலந்தது

மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது: செல்வராணி அம்மா காலமாகிவிட்டார். மதியத்துக்குள் எங்கள் விவசாயிகள் குழுவில் ஆளாளுக்குக் கைகூப்பிய படம் போட்டார்கள். 'மண்ணைக் காத்த தாய்' என்று எழுதியவர்தான் மூன்று வருடத்துக்கு முன் அவரைப் பிராடு என்றவர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருச்செங்கோட்டுப் பக்கம், தம் வீட்டின் ஓர் அறையில், வெந்த அரிசியில் பச்சைப் பூஞ்சாணம் வளர்த்தவர் அவர். மண்ணில் போட்டால் அது வேர்ப்புழுவின் உடம்பில் முளைத்துப் புழுவைக் கொல்லும். வேரை ஊக்கி வளர்க்கும் இன்னொரு பூஞ்சாணமும் தருவார். மருந்து என்றால் கோபம் வந்துவிடும்.

"மருந்துன்னு சொல்லாதீங்க சாமி. உசுருங்க அது. வெயில்ல வெச்சாலே செத்துப்போயிருமுங்க."

தொழுவுரத்தில் கலந்து சாயங்காலம் போடச் சொன்னார். கிழங்கழுகலுக்கு ஊற்றும் பூஞ்சாணக்கொல்லியைக் கிட்டவே கொண்டுவராதீர்கள் என்றும் சொன்னார். தலையாட்டினேன்.

ஆள் கிடைக்காத காலம். வந்த மூன்று பேரை வைத்து ஒரே நாளில் முடித்துவிட நினைத்து, அவர் பூஞ்சாணத்தையும் அந்தப் பூஞ்சாணக்கொல்லியையும் ஒரே டிரம்மில் கலந்து ஊற்றினேன். குழுவின் தலைவரான நானே செய்கிறேனே என்று அக்கம்பக்கத்திலும் அப்படியே செய்தார்கள். பூஞ்சாணத்தைக் கொல்லும் மருந்திலேயே பூஞ்சாணத்தைக் கரைத்த புத்திசாலிகள் நாங்கள். வேர்ப்புழு கிழங்கைத் தின்று தீர்த்தது.

கூட்டத்தில் எல்லாரும் அவரைத் திட்டினார்கள். அவர் என்னைப் பார்த்து, "வேற ஏதாச்சும் கலந்தீங்களாங்க?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

"அப்ப என்ற பக்கந்தான் தப்பு இருக்கோணும்" என்று எழுந்து போனார். அதன் பிறகு ஒருவரும் அவரிடம் வாங்கவில்லை.

டிரம் தண்ணீர் எட்டாத கடைசிப் பாத்தியில் மட்டும் மிச்சப் பொட்டலத்தைத் தொழுவுரத்தோடு போட்டிருந்தேன். அறுவடையில் அங்கே வெட்டியபோது புழுக்கள் பச்சை மாவு பூசிச் செத்துக்கிடந்தன. ஒன்றைத் தீப்பெட்டியில் எடுத்துவைத்தேன், அவரிடம் காட்ட. காட்டவில்லை. தலைவர் பதவி பெரிதாகத் தெரிந்தது. வெட்கங்கெட்டவன் நான்.

சாவு வீட்டில் அவர் மகள் என்னிடம் சொன்னாள்: "கடைசி வரைக்கும் அந்தத் தப்பத்தானுங்கண்ணா தேடிட்டிருந்தாங்க. திரும்பத் திரும்ப வளர்த்துப் பார்த்தாங்க. ஒண்ணும் கிடைக்கலைங்க."

தீப்பெட்டி அப்போதும் என் சட்டைப்பையில்தான் இருந்தது. வாய்க்கரிசி போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அம்மா, உங்கள் பூஞ்சாணத்தில் தப்பில்லை. கலந்தவன் நான். இனித் தேடாமல் போய் வாருங்கள்.